டிரவுட் ஓடையும் மலைத் தோட்டமும்

நீலகிரியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைகோசும் பயிரிடும் விவசாயிகளில் டிரவுட் மீனின் பெயரைக் கேட்டவர்கள் பலர். கண்டவர்கள் குறைவு. உண்டவர்கள் அதனினும் குறைவு. வெள்ளைக்காரர் தம் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன்தானே, அதனால் தோட்டக்காரனுக்கு என்ன ஆகப்போகிறது என்று ஹட்டிகளில் நடக்கும் விவசாயக் கூட்டங்களில் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் தூண்டில்காரர் ஓடைக்கரையில் நின்று கவனிக்கும் விவரங்களும், கரைக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய விவரங்களும் ஏறத்தாழ ஒன்றேதான். நீர் குளிர்ந்து ஓடுகிறதா, கலங்கி வருகிறதா, கல்லுக்கடியில் பூச்சி இருக்கிறதா, கோடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பவையே அவை. இந்த நான்கும் கெட்டால் முதலில் போவது மீன். அடுத்துப் போவது தோட்டத்து மேல்மண்ணும் கோடைப் பாசனமும்.

வந்த வழி

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. நீலகிரியில் உள்ளது வானவில் டிரவுட் எனப்படும் இனம். பசிபிக் கடலையொட்டிய வட அமெரிக்க ஆறுகளும் ரஷ்யாவின் கம்சாத்கா பகுதியும் இதன் தாயகம். உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகள் தெரியும். ஐரோப்பாவைச் சேர்ந்த பழுப்பு டிரவுட் வேறு இனம். அதன் முட்டைகளை 1863ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1900ஆம் ஆண்டில் காஷ்மீரில் டிரவுட் நிலைபெற்றது. நீலகிரியில் எச்.சி. வில்சன் என்பவர் முயற்சியால் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அதன்பின் வானவில் டிரவுட் இங்கே காலூன்றியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, முக்குருத்தி, பார்சன்ஸ் வேலி ஆகிய நீர்ப்பகுதிகளில் இதை விட்டு வளர்த்தார்கள்.

வெளியிலிருந்து வந்த மீன், நம் மலை ஓடைகளின் சொந்தச் சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்னக்கூடியது. ஆகவே புதிய ஓடைகளில் இதைக் கொண்டுபோய் விடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஏற்கெனவே நூறாண்டாக இருக்கும் ஓடைகளில் இது எப்படி வாழ்கிறது என்று பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நீர் குளிர்ந்திருக்க வேண்டும்

கெண்டையும் விராலும் வாழும் குளத்தில் டிரவுட் வாழாது. 10 முதல் 16 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ந்த நீரில் இது நன்றாகத் தின்று வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 25 டிகிரியை நெருங்கினால் உயிர் தரிப்பது கடினம்.

இதற்குக் காரணம் பிராணவாயு. நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 20 டிகிரி நீரில் 9 மில்லிகிராம்தான் கரையும். நீலகிரியைப்போல 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இந்த அளவுகள் முறையே 9 ஆகவும் 7 ஆகவும் இறங்கிவிடும். சூடான நீரில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிகப் பிராணவாயு கேட்கும். அந்த நேரத்தில்தான் நீரில் இருப்பும் குறைகிறது. செலவு ஏறும்போது வரவு இறங்கினால் குடும்பம் என்ன ஆகும் என்பது நம் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓடைக்கரையில் மரம் செடிகளை வெட்டி நீர் விளிம்பு வரை பாத்தி கட்டினால் வெயில் நேராக நீரில் விழுகிறது. சிறிய ஓடையாக இருந்தால் நிழல் போன இடத்தில் பிற்பகல் நீர் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டி, நிழலுள்ள மேல்பகுதியிலும் வெட்டவெளியான கீழ்ப்பகுதியிலும் பிற்பகல் 2 மணிக்கு இறக்கிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஈத்தூண்டில் என்பது என்ன

மண்புழுவைக் கோர்த்து நீரில் போட்டுக் காத்திருப்பது நாம் அறிந்த தூண்டில். டிரவுட் பிடிக்க ஆங்கிலேயர் பழக்கியது வேறு முறை. சேவல் இறகு, முயல் முடி, பட்டு நூல் ஆகியவற்றைச் சிறு கொக்கியில் சுற்றிக் கட்டி, பார்வைக்கு ஓடைப் பூச்சிபோல் செய்வார்கள். இதை ஈ என்பார்கள். நாம் பொய் ஈ என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு எடையே இல்லை. எடையில்லாத பொருளைத் தூர எறிவது எப்படி? இந்த முறையில் எறியப்படுவது ஈ அன்று, கனமான கயிறு. வளையும் கழியால் அக்கயிற்றை முன்னும் பின்னும் வீசி நீட்டுவார்கள். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பும், அதன் முனையில் ஈயும் இருக்கும். கயிறு நீண்டு விரிந்தபின் ஈ மெதுவாக நீரின்மேல் வந்து உட்காரும்.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். ஓட்டம் தீவனத்தை அதன் வாய்க்கே கொண்டுவருகிறது. வேகமான நீரில் நின்றால் உடல் சக்தி வீணாகும்; அசையாத நீரில் நின்றால் தீவனம் வராது. ஆகவே கல்லின் பின்புறம், ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் விளிம்பு, சரிந்த கரையின் அடிப்பாகம் ஆகிய இடங்களைத் தேர்ந்துகொள்ளும். மடை வாயில் எந்தப் பக்கம் வண்டல் படியும், எந்தப் பக்கம் அரிக்கும் என்று தெரிந்த விவசாயி இந்த இடங்களை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

தலை மேல்பக்கம் நோக்கி இருப்பதால் தூண்டில்காரர் கீழ்ப்பக்கமிருந்து அணுக வேண்டும். மீன் நீருக்குள்ளிருந்து வெளியுலகைத் தலைக்குமேல் ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. ஒளி நீரில் வளைவதால் இப்படி. அந்தச் சன்னலின் ஓரத்தில் உள்ளவை அதற்கு நசுங்கித் தெரியும். குனிந்தும் மண்டியிட்டும் வருபவரை அது காணாது. மேட்டில் நிமிர்ந்து நிற்பவரைக் கண்டு ஓடிவிடும். ஈ நீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். கயிறு இழுத்து ஈ சிறிது கோடு கிழித்தாலும் மீன் தொடாது. இயற்கையான பூச்சி அப்படிப் போவதில்லை என்பது அதற்குத் தெரியும்.

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது ஓடை பெருகிக் கலங்கிவிடும். அப்போது பொய் ஈயால் பயனில்லை, மீனுக்குக் கண் தெரியாது. மழை ஓய்ந்து நீர் தெளியத் தொடங்கி, முழங்கால் ஆழத்தில் கல் தெரியும் நிலை வந்தால் மீன் நன்றாகத் தீவனம் எடுக்கும். பனிக்காலத்தில் உறைபனி விழுந்த காலை வேளைகளில் மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி நீர் சற்று இளகியபின் தூண்டில் போடுவது நல்லது. கோடையில் இதற்கு நேர்மாறு, அதிகாலையே உகந்தது. நீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். போராடிக் களைத்த மீனை அந்நீரில் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது. மீனை விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டே பிடிக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். அந்த வழுவழுப்புத்தான் நோய்க்குத் தடுப்பு.

கல்லைப் புரட்டிப் பாருங்கள்

எந்த ஈயைக் கட்டுவது என்று முடிவு செய்யத் தூண்டில்காரர் முதலில் செய்வது ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டுவது. அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்ப்பார். மூன்று வால் இழைகளும் வயிற்றின் பக்கவாட்டில் இலைபோன்ற செவுள்களும் இருந்தால் பெரும்பாலும் மேஃபிளையின் இளம்பருவம். இரண்டு வாலும் தட்டை உடலும் ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்களும் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொண்டு ஊர்வது கேடிஸ் புழு. இவை எல்லாம் தெளிந்த, பிராணவாயு நிறைந்த நீரில் வாழ்பவை. இவற்றைக் காணாமல், சேற்றில் சிவப்பு நிற மெல்லிய புழுக்கள் மட்டும் நெளிந்தால் சாக்கடை, எரு அல்லது அழுகல் பொருள் கலந்து பிராணவாயு குறைந்திருக்கிறது என்று பொருள். புழு எதுவுமே இல்லாமல் கல் சுத்தமாக இருந்தால் மருந்து கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் பணம் செலவில்லை. உங்கள் தோட்டத்துக்கு மேலே ஓடையில் பத்துக் கற்களையும் கீழே பத்துக் கற்களையும் புரட்டி, இரண்டு பக்கமும் எத்தனை விதப் பூச்சிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே செய்துவிடுவார்கள். மேலே ஐந்து விதம் இருந்து கீழே ஒன்று இருந்தால், இடையில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது

டிரவுட் குளிர்மாதங்களில் முட்டையிடும். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்து அதில் முட்டையிட்டுக் கல்லாலேயே மூடும். ஒரு கிலோ எடையுள்ள மீன் ஏறத்தாழ 2000 முட்டைகள் இடும். 10 டிகிரி நீரில் அவை பொரிய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் கல் இடுக்கு வழியாக நல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலேயிருந்து வரும் நுண்மண் இடுக்கை அடைத்தால் முட்டைகள் மூச்சுத்திணறிச் செத்துவிடும்.

அந்த நுண்மண் யாருடையது? நம்முடையது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனம் மண் கரைந்து போனால் அது 4 கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 4 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இட்ட எருவும் கலப்பு உரமும் இருப்பது இந்த மேல்மண்ணில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழையில் எந்த வரப்பும் நிற்காது என்பது உண்மையே. ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையில் போகும் மண்ணை மட்டுமாவது நிறுத்தலாம்.

உருளைக்கிழங்குக்குச் சரிவுவாக்கில் மேலிருந்து கீழாகப் பார் பிடிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. குறுக்கே பார் பிடியுங்கள் என்று அதிகாரிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். விவசாயிகள் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்கிறார்கள். இதற்குச் சோம்பல் காரணமில்லை. குறுக்குப் பாரில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்ற பயம்தான் காரணம், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. கார்போகத்தில் தொடர்மழை பிடித்தால் கிழங்கு அழுகவே செய்யும். ஆகவே முற்றிலும் சமமட்டமாகப் பார் பிடிக்க வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே, 100 அடி நீளத்துக்கு அரை அடி முதல் ஒரு அடி வரை இறக்கம் வருமாறு இலேசான சாய்வுடன் பிடியுங்கள். நீர் தேங்காது, ஆனால் பாயவும் பாயாது. பார்கள் முடியும் இடத்தில் புல் பிடித்த வடிகால் ஒன்று இருக்க வேண்டும். வெறும் மண் வடிகால் ஒரே மழையில் ஓடையாகிவிடும்.

ஓடையோரம் குறைந்தது 5 மீட்டர் அகலத்துக்குப் பயிரின்றிப் புல்லும் புதரும் விட்டுவைப்பது நல்லது. அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. 5 மீட்டர் என்பது அவருக்கு ஒரு பருவத்துக் கேரட் பணம். அதை முழுவதும் இழக்காமலிருக்க அந்தக் கீற்றில் தீவனப்புல் வளர்க்கலாம். நடுத்தர உயரங்களில் குவாட்டமாலா புல் நன்கு வரும். மண்ணையும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும். கிக்குயூ புல் குளிர் தாங்கும் என்றாலும் கொடி ஓடிப் பாத்திக்குள் புகுந்துவிடும், எச்சரிக்கை தேவை. 5 மீட்டர் விட முடியாதவர் 2 மீட்டர் விடட்டும். ஒன்றுமில்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

கேரட் கழுவும் இயந்திரங்கள் வந்தபின் இன்னொரு தொல்லை சேர்ந்துள்ளது. தோட்டத்தில் நின்ற மண் கேரட்டோடு ஏறிப்போய்க் கழுவும் இடத்தில் ஓடையில் இறங்குகிறது. கழுவிய நீரை நேரே ஓடையில் விடாமல் இரண்டு குழிகளில் அடுத்தடுத்துத் தேக்கித் தெளியவிட்டால் பெரும்பகுதி மண் குழியிலேயே நின்றுவிடும். அந்த மண்ணைத் திரும்பத் தோட்டத்துக்கே அள்ளிக்கொள்ளலாம்.

மருந்து

சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மனிதருக்குச் சற்றுக் குறைந்த நஞ்சு என்று பலர் விரும்பி வாங்குகிறார்கள். மீனுக்கும் ஓடைப் பூச்சிகளுக்கும் இவை மிகக் கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும். தெளிப்பானை ஓடையில் கழுவுவதும் காலி புட்டியை ஓடையில் எறிவதும் கூடவே கூடாது. கழுவிய நீரைத் தோட்டத்திலேயே பயிரின்மேல் தெளித்துவிடுங்கள். மழை வரும்போல் இருந்தால் மருந்தடிப்பை ஒத்திப்போடுங்கள். மழையில் கரைந்த மருந்து புழுவைக் கொல்லாது, பணமும் வீண். கீழேயுள்ள ஹட்டியில் அதே ஓடைநீரைக் குடிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கோடை நீரும் பம்பும்

அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்தில் பிக் ஹோல் என்றொரு ஆறு உண்டு. டிரவுட்டுக்குப் பெயர் பெற்றது. கரைநெடுக மாட்டுப் பண்ணைக்காரர்கள் அந்நீரைத் திருப்பிப் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். வறட்சி ஆண்டுகளில் ஆறு வற்றி, மீன் முக்கியமா வைக்கோல் முக்கியமா என்ற தகராறு எழுந்தது. 1995ல் பண்ணைக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ஆற்றில் நீர் குறைந்தால் பண்ணைக்காரர்கள் தாமாக முன்வந்து பாய்ச்சலைக் குறைப்பது, தூண்டில்காரர்களும் தூண்டிலை நிறுத்துவது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த மாநிலத்தில் ஆற்று நீர் மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரியை எட்டினால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பைத் தடை செய்யும் வழக்கமும் உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்களின் ஏற்பாடு அது. நம் ஊர் அளவுக்கு அதைச் சுருக்கிச் செய்யலாம்.

நீர்போக உருளைக்கிழங்குக்கும் கோடைக் காய்கறிக்கும் ஓடையில் பம்பு வைக்கிறோம். ஓடையில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். நேரான இடத்தில் 10 மீட்டர் குறித்துக்கொண்டு ஓர் இலையை மிதக்க விடுங்கள். 25 நொடியில் கடந்தால் நொடிக்கு 0.4 மீட்டர் வேகம். ஓடை ஒரு மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால் நொடிக்கு 40 லிட்டர் வருகிறது. அடிப்பகுதி ஓட்டம் மெதுவானது என்பதால் இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 32 லிட்டர் என்று கொள்ளலாம். 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் 5 குதிரைத்திறன் பம்பு நொடிக்கு 4 முதல் 5 லிட்டர் எடுக்கும். ஆறு பம்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஓடையில் மிஞ்சுவது ஈரம்தான். மீனும் போயிற்று, ஆறாவது பம்புக்காரருக்கும் காற்றுத்தான் வரும். ஒரு நாளைக்கு மூன்று பம்பு, மறுநாள் மற்ற மூன்று என்று முறைவைத்துக்கொண்டால் இருவர் பயிரும் பிழைக்கும். தெளிப்புநீர்ப் பாசனத்தை நண்பகலில் ஓட்டாமல் அதிகாலையில் ஓட்டினால் ஆவியாகிப் போகும் நீரும் மிச்சம்.

வளர்க்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இமாசலப் பிரதேசம், காஷ்மீர், சிக்கிம் பகுதிகளில் சிறு விவசாயிகள் சிமெண்டு ஓடைத்தொட்டிகளில் டிரவுட் வளர்த்து விற்கிறார்கள். அங்கே பனி உருகிய நீர் ஆண்டு முழுவதும் தானாகவே வந்து தொட்டியில் பாய்கிறது. நம் மலையில் நீர் மழையை நம்பியது. ஏப்ரல், மே மாதங்களில் குறையும், சூடும் ஏறும். பம்பு வைத்து நீர் ஏற்றி டிரவுட் வளர்ப்பது கட்டுப்படியாகாது. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் மீன் முழுவதும் சாகும். தீவனத்தில் புரதம் 40 சதவிகிதத்துக்குமேல் இருக்க வேண்டும் என்பதால் செலவும் பெரிது. கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வற்றாத ஊற்று நிலத்துக்கு மேலே இருந்து தானே பாயும் வசதியுள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

அத்தகையவர்கள் ஓர் ஆண்டு முழுவதும், குறிப்பாகக் கோடையில் வாரம் ஒருமுறையாவது, காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் ஊற்று நீரின் வெப்பத்தையும் நீரளவையும் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்புடன் உதகமண்டலத்திலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகலாம். தூண்டில் போட விரும்புவோரும் எந்த நீர்ப்பகுதியில் அனுமதி உண்டு என்று அங்கேயும் வனத்துறையிடமும் கேட்டறிந்த பின்னரே செல்ல வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டிலுடன் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.